பத்தொன்பது அலைவுகள்

அந்த இரும்புச் சட்டத்தைத் தாட்சாயிணி ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள்கூடத் தொட்டதில்லை.

ஒரு மீட்டர் நீளம். நெடுகிலும் துளைகள். சுவரில் பதித்த கத்திமுனையில் ஏதாவது ஒரு துளையை மாட்டி லேசாகத் தள்ளிவிட்டால் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். இருபது அலைவுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று குறித்துக்கொண்டு, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்குப் போட்டு எடுக்க வேண்டும். கூட்டு ஊசல் என்று பெயர். முதலாண்டு இயற்பியல் படிக்கிற எல்லோரும் செய்கிற சோதனைதான்.

ஆனால் ஆய்வகத்தில் சட்டங்கள் இரண்டு, மாணவிகள் நாற்பது பேர். அதனால் நான்கு நான்கு பேராக ஒரு பேட்ச். தாட்சாயிணியின் பேட்ச்சில் மைதிலி சட்டத்தை மாட்டுவாள், ரேவதி தள்ளிவிடுவாள், வர்ஷா ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணுவாள். தாட்சாயிணி எழுதுவாள். முதல் வாரமே இப்படி அமைந்துவிட்டது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை.

"உன் கையெழுத்து அச்சு மாதிரி கீதுடி. நீயே எழுது," என்று வர்ஷா நோட்டை அவள் பக்கம் தள்ளினாள். வர்ஷா சென்னைப் பாடியில் பிறந்து வளர்ந்தவள். அவள் சொன்னால் அந்த மேசையில் மறுபேச்சு கிடையாது.

தாட்சாயிணிக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. எழுதுகிறவள் பேச வேண்டியதில்லை.

பேசினால் என்ன ஆகும் என்று கல்லூரி திறந்த ஐந்தாம் நாளே தெரிந்துபோயிற்று. இயக்கவியலும் அலைகளும் என்ற தாளை நடத்துகிற நிர்மல் சார் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டு, அவளை எழுப்பி வாசிக்கச் சொன்னார். அவள் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவள். வகைக்கெழு என்றால் தெரியும், முடுக்கம் என்றால் தெரியும். எக்ஸின் தலையில் சார் ஏன் இரண்டு புள்ளி வைத்திருக்கிறார் என்றுதான் தெரியவில்லை.

"எக்ஸ்... ரெண்டு புள்ளி," என்றாள்.

வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "நேரத்தை வச்சு ரெண்டு தடவை வகையிட்டிருக்கு, அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனார். அடுத்த வரி அவள் காதில் விழவில்லை. அதற்கடுத்த மாதங்களில் வந்த வரிகளும் பெரும்பாலும் அப்படித்தான். ஒவ்வொரு நிரூபணத்தையும் ஓர் எழுத்துப் பிசகாமல் நெட்டுருப் போட்டாள். எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று தெரியும். நடுவில் ஏன் அப்படித் திரும்புகிறது என்று கேட்டால் தெரியாது. யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதே அவளுக்குப் பெரிய வேலையாக இருந்தது.

வீட்டில் ஒரு நிபந்தனை இருந்தது. அவள் அம்மா வனஜா அம்பத்தூர் ஓ.டி. மார்க்கெட் பக்கம் பொரிகடலைக் கடை வைத்திருக்கிறாள். அப்பாவுக்கு அங்கே தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. வீடு கள்ளிக்குப்பத்தில். கல்லூரியில் சேர்த்த அன்றே அம்மா சொல்லிவிட்டாள்.

"படி, வேணான்னு சொல்லல. ஆனா ஒரே ஒரு அரியர் வந்துச்சுன்னாலும் நிறுத்திட்டு கடைக்கு வந்துடு. எனக்கும் முட்டி போயிடுச்சு. அங்க உக்காந்து முழிக்கிறதுக்கு இங்க உக்காந்து வியாபாரம் பாக்கலாம்."

அம்மா மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. நியாயமாகத்தான் சொன்னாள். அதுதான் தாட்சாயிணியை அதிகமாகப் பயமுறுத்தியது. போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கூட்டம் தாங்கவில்லை என்று அவளையும் கடையில் உட்கார வைத்தார்கள். "வாக்கா, பொரி வாங்கிக்கோக்கா" என்று கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தாள்; காற்றுதான் வந்தது. எதிரே நின்றவர்கள் பக்கத்துக் கடைக்கு நகர்ந்துவிட்டார்கள். அம்மா திட்டவில்லை. அவளை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்துகொண்டாள். வாழ்நாள் முழுவதும் அந்த ஸ்டூலில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறோம் என்று அடிக்கடி அவளுக்குக் கனவு வரும்.

செய்முறைத் தேர்வு வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். தவறினால் அடுத்த ஏப்ரலில், ஜூனியர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். அதுவும் அரியர்தான்.

தேர்வன்று காலை ஒன்பதரைக்கு ஆய்வகத்தின் மின்விசிறிகளை எல்லாம் அணைத்துவிட்டார்கள். ஆவடி வெயில் ஜன்னல் கம்பிகளில் அப்போதே ஏறியிருந்தது.

"அக்கா, ஃபேனு," என்றாள் வர்ஷா.

ஆய்வக உதவியாளர் நாகம்மா பெருக்குமாறைச் சுவரில் சாய்த்தாள். "கெட்டுப்போவல. ஊசல் ஆடுறப்போ காத்து அடிக்கக் கூடாதாம். நீங்க வேர்த்துக்கினே ஆடுங்க."

வெளித்தேர்வாளராக வந்திருந்தவர் ஆக்னஸ் மேடம். வேறு ஒரு கல்லூரியில் துறைத் தலைவர். ஐம்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. அவரைப் பற்றிய கதை அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. போன வருடம் ஏதோ ஒரு கல்லூரியில், அவர் கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு பெண் அளவீடுகளை அழித்து மாற்றினாளாம். தாளின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, வெளியே போகச் சொன்னாராம். கதையைச் சொன்ன சீனியருக்கு அந்தப் பெண்ணின் பெயர் தெரியவில்லை. கோடு மட்டும் பச்சை மையில் இருந்தது என்று நிச்சயமாகச் சொன்னாள்.

ஒரு எவர்சில்வர் டப்பாவில் மடித்த சீட்டுகள் வந்தன. தாட்சாயிணி எடுத்துப் பிரித்தாள். ஏழு. ஏழாம் எண் என்றால் கூட்டு ஊசல்.

சூத்திரம் தெரியும். செய்முறை தெரியும். அட்டவணையை எப்படிப் போடுவது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த அறையில் கிடையாது. அந்தச் சட்டம் எத்தனை கனம் என்று மட்டும் தெரியாது.

எழுத வேண்டியதை எழுதிக் காட்டிவிட்டுச் சட்டத்தைத் தூக்கினாள். நினைத்ததைவிடக் கனம். துளை கத்திமுனையில் உட்காராமல் நழுவி, சட்டம் மேசை விளிம்பில் டங்கென்று மோதியது. எல்லாத் தலைகளும் திரும்பின. முறுக்கு ஊசலோடு பக்கத்து மேசையில் இருந்த வர்ஷா கண்ணாலேயே 'மெதுவா' என்றாள். மூன்றாவது முயற்சியில் மாட்டிக்கொண்டது.

தள்ளிவிட்டாள். சுவரில் இருந்த கோட்டைச் சட்டம் கடக்கும்போது பொத்தானை அழுத்தினாள். உதடு மட்டும் அசைய, குரல் வராமல் எண்ணினாள். இருபது வந்ததும் நிறுத்தினாள். 30.4.

முதல் துளைக்கு 32 என்று எழுதிய ஞாபகம். தன் ரெக்கார்டில், வர்ஷாவின் ரெக்கார்டில், ரேவதிக்கு உடம்பு சரியில்லாதபோது அவளுடைய ரெக்கார்டில் என்று எத்தனையோ முறை எழுதிய எண். மறுபடி எண்ணினாள். 30.3. அது அந்தச் சட்டமாக இருக்கும், இது இந்தச் சட்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பயப்படுகிறவர்களுக்குச் சமாதானம் சீக்கிரம் கிடைத்துவிடும்.

பதினெட்டுத் துளைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை. ஒரு சொட்டு வியர்வை விழுந்து ஒன்பதாம் வரிசை கலங்கிற்று. அதைத் துடைக்கக்கூடப் பயந்து, தானாகக் காயட்டும் என்று விட்டுவிட்டாள். பதினொன்றே காலுக்கு ஆக்னஸ் மேடம் வந்தார். அட்டவணையை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தார். மை பச்சைதான்.

வரைபடம் அழகாக வந்தது. இரண்டு வளைகோடுகள், கண்ணாடியில் பார்ப்பதுபோல ஒன்றுக்கொன்று ஒத்து. அவற்றின் குறுக்கே கோடு போட்டு நீளத்தை எடுத்தாள். 63.7 சென்டிமீட்டர். சூத்திரத்தில் போட்டுக் கால்குலேட்டரைத் தட்டினாள்.

1089.

அடைப்புக்குறியை விட்டுவிட்டோம் என்று நினைத்தாள். மறுபடி தட்டினாள். 1089. இன்னொரு கோடு போட்டுப் பார்த்தாள். 1087.

980 வர வேண்டும். சென்னையில் இருக்கிற எந்தக் கல்லூரியில், எந்த ஊசலில், எந்தப் பெண் செய்தாலும் 980-ஐ ஒட்டித்தான் வர வேண்டும். பூமியே அப்படித்தான் இழுக்கிறது. அவளுக்கு மட்டும் நூறு கூட இழுத்திருக்கிறது.

சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். பன்னிரண்டரைக்குத் தாளை வாங்கிவிடுவார்கள். எல்லாவற்றையும் மறுபடி எடுக்க நேரமில்லை.

வர்ஷா பென்சில் சீவுகிற சாக்கில் குப்பைத்தொட்டிப் பக்கம் வந்தாள்.

"எவ்ளோடி?"

தாட்சாயிணி தாளை ஒரு விரல் நகர்த்திக் காட்டினாள்.

"ஐயோ. நீ இன்னா வியாழன் கிரகத்துல எடுத்தியா?" வர்ஷா கால்குலேட்டரை வாங்கி அங்கேயே நான்கு தட்டுத் தட்டினாள். விடையிலிருந்து பின்னால் போய் அளவீடுகளைக் 'குக்' செய்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. "ஒவ்வொரு டைமுக்கும் ஒண்ணரை செகண்டு ஏத்திடு. முப்பது புள்ளி நாலை முப்பத்திரண்டு ஆக்கு. சீரோவை ரெண்டு ஆக்கறது ஒரு வேலையா? 980 தானா வந்து நிக்கும்."

"சைன் போட்டுட்டாங்க."

"சைன் போட்டவங்க மனப்பாடமா பண்ணிகினு போனாங்க? எழுதுடி. கடையில உக்காரணுமா?" அதற்குள் நிர்மல் சார் திரும்பிப் பார்த்தார். வர்ஷா பென்சிலோடு போய்விட்டாள்.

தாட்சாயிணி பேனாவை எடுத்தாள். முதல் வரிசையின் 30.4-க்கு மேல் முனையை வைத்தாள். அந்தப் பெயர் தெரியாத பெண்ணின் ஞாபகம் வந்தது. அவளும் இப்படித்தான் பேனாவை வைத்திருப்பாள். கீழே பச்சைக் கையெழுத்து காய்ந்து கிடந்தது. மாற்றினால் கோடு. மாற்றாவிட்டால் 1089. இரண்டில் எது வந்தாலும் போய்ச் சேரும் இடம் அந்த ஸ்டூல்தான்.

ஒண்ணரை நொடி. எல்லா வரிசைக்கும் ஏறத்தாழ அதே ஒண்ணரை நொடி.

பேனா தாளில் படாமல் நின்றது.

தப்பு செய்திருந்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாக அல்லவா வர வேண்டும். ஓரிடத்தில் கூட, ஓரிடத்தில் குறைய. கை நடுங்கியதற்கு அதுதான் முறை. இது எல்லாத் துளையிலும் ஒரே அளவுக்குக் குறைந்திருக்கிறது. நடுங்கின கை இவ்வளவு ஒழுங்காகத் தப்புச் செய்யாது.

நிர்மல் சார் நடத்திய பிழைக் கணக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. சூத்திரத்துக்கு மடக்கை எடுத்து வகையிட்டால், முடுக்கத்தில் வரும் பிழை அலைவு நேரத்தில் வரும் பிழையைப்போல் இரண்டு மடங்கு, எதிர்க்குறியோடு. அதை அவள் நூறு முறையாவது எழுதியிருப்பாள். இரண்டு எங்கிருந்து வந்தது, எதிர்க்குறி எதற்கு என்று ஒரு முறைகூட யோசித்ததில்லை. இப்போது யோசிக்காமலேயே தெரிந்தது. நேரம் கீழே வர்க்கமாக இருக்கிறது. வர்க்கம், அதனால் இரண்டு. கீழே, அதனால் எதிர். நேரம் கொஞ்சம் குறைந்தால் முடுக்கம் அதைப்போல் இரண்டு பங்கு ஏறும்.

முடுக்கம் நூற்றுக்குப் பதினொன்று ஏறியிருக்கிறது. அப்படியானால் நேரம் நூற்றுக்கு ஐந்து, ஐந்தரை குறைந்திருக்கிறது. இருபதுக்கு எவ்வளவு?

ஒன்று.

கால்குலேட்டரில் இருபதுக்குப் பதில் பத்தொன்பது போட்டுத் தட்டினாள். 983.

சந்தோஷம் வரவில்லை. தான் இருபது என்று எண்ணியதெல்லாம் பத்தொன்பது. முப்பத்தாறு முறையும் பத்தொன்பது. ஒன்று எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஆனால் போயிருக்கிறது. நேரங்களைத் திருத்தினால் யாருக்கும் தெரியாது, அது பொய். எண்ணிக்கையைத் திருத்தினால் அது உண்மை. ஆனால் அட்டவணையின் தலைப்பில் 'இருபது அலைவுக்கான நேரம்' என்று அச்சு மாதிரி எழுதிக் கையெழுத்தும் வாங்கியாயிற்று. அதைத் தொட்டால் பார்க்கிறவர்களுக்கு அதுதான் களவாகத் தெரியும்.

சொல்லிவிட்டுத் திருத்தலாம். சொல்ல வேண்டும். வாயைத் திறந்து.

மேசையிலிருந்து ஆக்னஸ் மேடத்தின் நாற்காலிவரை பன்னிரண்டு அடி இருக்கும். அவள் எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. நடக்கும்போது தன் செருப்புச் சத்தம் தனக்கே பெரிதாகக் கேட்டது.

"மேடம்."

ஆக்னஸ் மேடம் நிமிரவில்லை. குரல் அவர்வரை போய்ச் சேரவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

"மேடம்," என்றாள் மறுபடி. "என் ரீடிங் தப்பு."

அறையில் பேனாக்கள் நின்றன. நிர்மல் சார் இரண்டு எட்டு எடுத்து வைத்தார். ஆக்னஸ் மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கினார்.

"எத்தனை வந்தது?"

"ஆயிரத்து எண்பத்தொன்பது."

"உம். என்ன தப்பு?"

"இருபது இல்ல மேடம். பத்தொன்பதுதான் எண்ணியிருக்கேன். எல்லாத்துலயும்."

"நீதானே எண்ணின? எண்ணினவங்களுக்கே தெரியாத விஷயம் இப்ப எப்படித் தெரிஞ்சுது?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். வர்க்கம், கீழே, இரண்டு மடங்கு, நூற்றுக்கு ஐந்து. பாதியில் ஆங்கிலம் போய்விட்டது, தமிழில் சொன்னாள். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் சிரிப்பு வரப்போகிறது என்று முதுகு காத்துக்கொண்டிருந்தது. மேடத்தின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் பச்சைப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"வா," என்று அவர் எழுந்தார்.

ஊசலுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "முதல் துளையை மாட்டு. எண்ணு. எனக்குக் கேக்கணும்."

மாட்டினாள். இந்த முறை முதல் தடவையே உட்கார்ந்தது. தள்ளிவிட்டாள். சட்டம் போயிற்று, வந்தது. கோட்டைத் தாண்டும்போது பொத்தானை அழுத்தினாள்.

"லாபம்," என்றாள்.

சட்டம் ஒரு முறை போய்த் திரும்பி வந்தது.

"ரெண்டு."

"நிறுத்து." ஆக்னஸ் மேடம் கையை உயர்த்தினார். "முதல்ல என்ன சொன்ன?"

தாட்சாயிணிக்கு என்ன சொன்னோம் என்றே ஒரு கணம் தெரியவில்லை. உதட்டில் இருந்ததைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

"லாபம், மேடம்."

அறை முழுவதும் சிரித்தது. வர்ஷாகூடச் சிரித்தாள். நிர்மல் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"லாபமா?"

"அம்மா பொரிக்கடை வச்சிருக்காங்க. படியில அளக்கும்போது முதல் படிய ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க. லாபம்னுதான்..." முகம் கொதித்தது. "சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான் மேடம் எண்ணுவேன். எதை எண்ணினாலும்."

ஆக்னஸ் மேடம் சிரிக்கவில்லை. ஆடிக்கொண்டிருந்த சட்டத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"உங்க அம்மா லாபம்னு சொல்லும்போது ஒரு படி பொரி பையில விழுந்தாச்சு. நீ லாபம்னு சொல்லும்போது இங்க என்ன விழுந்துது?"

அவள் சட்டத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல, மேடம். அப்பதான் கிளம்புது."

"அப்ப என்னன்னு தொடங்கணும்?"

"பூஜ்யம்."

"எடு."

பூஜ்யத்திலிருந்து எண்ணினாள். சத்தமாக. எட்டு, ஒன்பது வரும்போது பின்னால் இன்னும் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். பதினைந்துக்குப் பிறகு அது கேட்கவில்லை. இருபதில் நிறுத்தினாள். 32.0.

மேடம் தலைப்பில் இருந்த இருபதை ஒரே கோட்டில் அடித்து, மேலே பத்தொன்பது என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். புதிய அளவீட்டைத் தாளின் ஓரத்தில் அவளையே எழுதச் சொல்லி அதற்கும் ஒரு கையெழுத்து.

"டைமையே மாத்தியிருக்கலாமே. ஏன் மாத்தல?" என்றார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"பயமா இருந்துச்சு."

"என்கிட்ட வந்து சொல்றதுக்கு?"

"அதுக்கும் பயம்தான், மேடம்."

"செய்முறையில மார்க் குறைப்பேன். எண்ணத் தெரியாம வந்திருக்க." தாளை நீட்டினார். "போ. பதினைஞ்சு நிமிஷம் இருக்கு."

எவ்வளவு குறைப்பார் என்று சொல்லவில்லை. தாட்சாயிணி உட்கார்ந்து ஒவ்வொரு நேரத்தையும் பத்தொன்பதால் வகுத்தாள். அச்சு மாதிரி இருந்த எழுத்து பதினோராம் வரிசைக்கு மேல் கோழிக் கிறுக்கலாயிற்று. பதினான்காம் வரிசையில் மணி அடித்தது. நாகம்மா ஒவ்வொரு மேசையாகத் தாளை உருவிக்கொண்டு வந்தாள். கடைசி நான்கு வரிசைகள் காலி. அவற்றை விட்டுவிட்டு, கீழே முடிவு என்ற இடத்தில் 983 என்று எழுதியதும் தாள் கையைவிட்டுப் போயிற்று.

மதியம் மூன்று மணிவரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். ரிசல்ட் ஜூனில்தான் வரும். ஆனால் மதிப்பெண் பட்டியல் ஆய்வகத்திலிருந்து அலுவலகத்துக்கு நாகம்மா கையில்தான் போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"எத்தினி ரீடிங் நெசமா எடுத்தேன் தெரியுமா? மூணு," என்றாள் வர்ஷா. "மிச்சமெல்லாம் குக். அந்தம்மா எட்டிக்கூடப் பாக்கல. நீ இன்னாடான்னா நடுக்கூடத்துல நின்னுகினு 'என் ரீடிங் தப்பு'ன்ற. எனக்கே அடிவயிறு கலங்கிடுச்சு."

தாட்சாயிணி நாற்பதில் எத்தனை வாங்கினால் தேர்ச்சி, எழுதாத நான்கு வரிசைக்கு எவ்வளவு போகும், செய்முறைக்கு எவ்வளவு போகும் என்று மனதுக்குள் கழித்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறையும் ஒரு மதிப்பெண்ணிலோ இரண்டிலோ நின்றது. ஒரு முறை மேலே நின்றது, ஒரு முறை கீழே.

நாகம்மா காலி டீ டம்ளர்களோடு படியிறங்கி வந்தாள்.

"அக்கா," என்று வர்ஷா எழுந்தாள். "லிஸ்ட்டு?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா."

"அக்கா, இவ செத்துடுவாக்கா."

நாகம்மா தாட்சாயிணியின் முகத்தைப் பார்த்தாள். டம்ளர்களை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். "ஃபெயிலுன்னா செவப்புல வட்டம் போடுவாங்க. இன்னிக்கு லிஸ்ட்டுல செவப்பே இல்ல. நாந்தான் ஆபீஸ்ல குட்த்துட்டு வரேன். ஆனா ஒரு பேப்பர அந்தம்மா ரொம்ப நேரம் வெச்சிகினு இருந்தாங்க. போட்டுட்டு, அடிச்சிட்டு, மறுபடி போட்டாங்க. யாரு பேப்பரோ, எனக்கு இன்னா தெரியும்."

அவள் போன பிறகு வர்ஷா தண்ணீர் பாட்டிலைத் திறந்து தாட்சாயிணியிடம் நீட்டினாள்.

ஆவடி ஸ்டேஷனில் மூன்றாம் நடைமேடை நிறைந்திருந்தது. அம்மா போன் செய்தாள். கடையில் இருந்து பேசுகிறாள். பின்னால் ஆட்டோ சத்தமும் யாரோ பேரம் பேசுவதும் கேட்டது.

"இன்னாடி ஆச்சு?"

"பாஸ்மா."

"இன்னா? கேக்கல."

"பாஸ்."

"அய்ய, ஒண்ணுமே கேக்கலடி. பாஸா ஃபெயிலா? வாயத் தொறந்து சொல்லு."

சுற்றிலும் ஆட்கள். பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர், காதில் ஒயரோடு இரண்டு பையன்கள், பூக்கூடையோடு ஒரு அம்மாள். வியாழக்கிழமை தியரி பேப்பர் வேறு இருக்கிறது. அதில் அலைகள் பாடம் முழுவதும் இனிமேல்தான் புரிய வேண்டும்.

"பாஸ்மா," என்றாள். "பிராக்டிகல் பாஸ். தியரி இன்னும் இருக்கு."

பெரியவர் திரும்பிப் பார்த்தார். பையன்களில் ஒருவன் ஒயரைக் கழற்றினான்.

"ஏன்டி இப்படிக் கத்துற, காதுல விழுது," என்றாள் அம்மா. "சாப்ட்டியா?"